சீட்டுக்குள் வர மறுத்த பூனை

அவள் பூனை வளர்த்ததே இல்லை. இருந்தாலும் அலுவலகத்தில் அவளுக்குப் பூனைக்காரி என்றுதான் பெயர். பகலெல்லாம் அடுத்தவர் வீட்டுச் சமையலறை அலமாரிகளுக்கு வரைபடம் போடுவாள். மிச்ச நேரத்தில், மூன்று வருடம் தன்னந்தனியாக மல்லுக்கட்டி ஒரு வீடியோ கேம் செய்தாள். வீடு காலி செய்கிறார்கள், சாமான்களைப் பெட்டிகளில் அடுக்க வேண்டும். வீட்டுப் பூனையோ நாம் வேறு பக்கம் திரும்பும் நேரமாகப் பார்த்து ஏதாவது ஒரு பெட்டிக்குள் போய்ச் சுருண்டுகொள்ளும். வண்டி வருவதற்குள் அதைக் கண்டுபிடித்து வெளியே எடுக்க வேண்டும். விளையாட்டு அவ்வளவுதான்.

விளையாடியவர்கள் சொக்கிப் போனார்கள். "இப்பதான் அந்தப் பெட்டியைப் பார்த்தேன், இது எப்ப உள்ள போச்சு?" என்று எழுதித் தள்ளினார்கள். படிக்கப் படிக்க அவளுக்குச் சந்தோஷம், கூடவே கொஞ்சம் பொறாமை. ஊரே அந்தப் பூனையிடம் ஏமாந்தது, அவளைத் தவிர. அது எப்போது எழும், எங்கே போகும் என்று வரிக்கு வரி புரோகிராம் எழுதியவளிடம் அது எப்படிக் கண்ணாமூச்சி ஆடும்?

இதைச் சீட்டு விளையாட்டாகக் கொண்டுவந்தால் என்ன என்று யாரோ கிளப்பிவிட, அவளும் ஆசை ஆசையாகக் கிரவுட்ஃபண்டிங் தளத்தில் அறிவித்துவிட்டாள். ஆர்வக் கோளாறில், 'பூனை தானாகவே வரும்' என்று கொட்டை எழுத்தில் ஒரு வாக்குறுதி வேறு. முகம் தெரியாதவர்களெல்லாம் அதை நம்பி முன்பணம் கட்டினார்கள். அதற்கப்புறம்தான் அவளுக்கு உறைத்தது. அங்கே பூனையை நகர்த்தக் கம்ப்யூட்டர் இருந்தது. இங்கே இந்த அட்டையை யார் நகர்த்துவது?

பகடை போட்டுப் பார்த்தாள். பகடை சொன்ன பெட்டிக்குப் பூனைச் சீட்டு போனது, எல்லார் கண்ணெதிரிலும், சம்பளம் வாங்கப் போகிற மாதிரி நேராகப் போனது. மணல் கடிகாரம் வைத்துப் பார்த்தாள். எல்லாரும் மணலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அச்சகத்துக்காரர் வேறு, "மேடம், ஃபைல் எப்ப அனுப்புவீங்க? மெஷின் சும்மா நிக்குது," என்று பிடுங்கி எடுத்தார். வெள்ளிக்கிழமைக்குள் பூனைக்கு உயிர் வராவிட்டால், எல்லாருடைய பணத்தையும் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கடையைக் கட்டுவது என்று முடிவு செய்தாள்.

வெள்ளிக்கிழமை மாலை, சாப்பாட்டு மேசையில் கடைசிச் சோதனை. ஒரு பக்கம் கணவன். லிஃப்ட் மெக்கானிக், போன் அடித்தால் எடுத்தே ஆகவேண்டிய பிழைப்பு. எதிரில் மாமியார். டைப்பிஸ்டாக இருந்து ஓய்வு பெற்றவர். எதை வேண்டுமானாலும் பொறுத்துக்கொள்வார், தோற்பது மட்டும் ஆகவே ஆகாது. ஒவ்வொருவர் முன்னாலும் பெட்டிச் சீட்டுகள் கவிழ்ந்து கிடந்தன. சீட்டுக் கட்டிலிருந்து வண்டிச் சீட்டு வரும்போது பூனை யார் பெட்டிக்கு அடியில் இருக்கிறதோ, அவர் அவுட்.

ஆட்டம் வழக்கம்போல ஊர்ந்தது. கணவனுக்குப் போன் வந்தது. "நடுவுல நின்னுடுச்சா? கதவைப் பிடிச்சு இழுக்காதீங்க சார், ஆள் வந்துட்டே இருக்கு," என்று ஜன்னல் பக்கம் திரும்பிப் பேசினான். அந்த நேரம் பார்த்துப் பகடை உருண்டு கீழே விழுந்தது. அவள் குனிந்து மேசைக்கடியில் துழாவினாள்.

நாலு சீட்டு தாண்டி வண்டி வந்தது. கணவன் அலட்சியமாகப் பெட்டியைத் தூக்கினான். அடியில் பூனை.

"இது எப்ப உள்ள போச்சு?" என்றான்.

அவளுக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஊர்பேர் தெரியாதவர்கள் எழுதிய அதே கேள்வி.

"அம்மா! இது உன் வேலைதானே?"

மாமியார் மின்விசிறியைப் பார்த்தார். "நான் என்னடா பண்ணேன்? நீ பார்க்கல, அது போயிடுச்சு. பூனைன்னா அப்படித்தான்."

"ஒழுங்கா ஆடுறதா இருந்தா ஆடு. இல்லேன்னா நான் எழுந்து போறேன்."

"ரெண்டு பேரும் கொஞ்சம் சும்மா இருங்க," என்றாள் அவள். "அத்தை, இப்ப சொன்னீங்களே, அதை இன்னொரு தடவை சொல்லுங்க."

"கோவிச்சுக்காதேம்மா. ஏதோ கை அரிச்சுது..."

"கோவமே இல்ல அத்தை. சொல்லுங்க."

"அவன் பார்க்கல. அது போயிடுச்சு."

பகடையை எடுத்துக் குப்பைக்கூடையில் போட்டாள். மேசையை விட்டு யார் கண் விலகுகிறதோ, அவர் பெட்டிக்கடியில் மற்றவர்கள் பூனையைத் தள்ளிவிடலாம். கையும் களவுமாக மாட்டினால் பூனை தள்ளியவருக்கே. இதுதான் புது விதி. அன்றைக்கே அச்சகத்துக்கு ஃபைல் போய்விட்டது. விதிப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் மாமியார் பெயரைப் போட்டு நன்றி சொன்னாள். எதற்கு என்று மட்டும் எழுதவில்லை. குடும்ப மானம் இருக்கிறதே.

அச்சாகி வந்த முதல் பெட்டியை அதே மேசையில்தான் பிரித்தார்கள். கணவன் இப்போதெல்லாம் போனில் பேசும்போதுகூட மேசையை முறைத்துக்கொண்டேதான் பேசுவான். அவளுக்கோ ஆட்டத்தில் மனமில்லை. மூடி சரியாக உட்காருகிறதா, ஓரம் பிசிறடிக்கிறதா, சிவப்பு கொஞ்சம் அடர்த்தியோ என்று பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே, முறை வரும்போது மட்டும் சீட்டை இறக்கினாள்.

வண்டி வந்தது. கணவன் பெட்டிகளில் ஒன்றும் இல்லை. மாமியாரிடமும் இல்லை. செய்தவளுக்குத் தெரியாதா என்கிற தெம்பில் அவளும் ஒவ்வொன்றாகத் தூக்கினாள். கடைசிப் பெட்டிக்கடியில் பூனை சுருண்டு படுத்திருந்தது.

"இது எப்ப..." என்று ஆரம்பித்தாள். சிரிப்பு வந்தது, கண்ணும் கலங்கியது. சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு எதிரே பார்த்தாள்.

மாமியார் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். "நீ பார்க்கலம்மா," என்றார். "அது வந்துடுச்சு."