வாத்துகள் இறங்கிய இரண்டு காலைகள்

கனடாச் சமவெளியில் நான் வாழும் சிற்றூரில், குளிர் தொடங்கும் நாட்களில் காபிக் கடை வரிசையில் நிற்பவர்கள் முகம் முழுக்கக் கறுப்பும் பச்சையுமாக மை பூசியிருப்பார்கள். வாத்து வேட்டைக்குப் போகிறவர்கள். பறவைகளுக்கு முகம் தெரியக் கூடாதாம். முதல் வருடம் மிரண்டுபோனேன். பிறகு நானே அந்த மையைப் பூசிக்கொண்டேன். லாரிப் பட்டறையில் என்னோடு வேலை பார்க்கும் க்ளென் கூப்பிட்டிருந்தான். அங்கே கல்யாணத்துக்கு யாரை வேண்டுமானாலும் அழைப்பார்கள். வேட்டைக்கு நம்மவன் என்று நினைப்பவனைத்தான் கூப்பிடுவார்கள். எனக்கு வந்த முதல் அழைப்பு அது. விட மனமில்லை. அவனுடைய கொட்டகையில் மாதக்கணக்கில் துப்பாக்கி பிடித்துப் பழகி, உரிமமும் வாங்கினேன்.

இருள் பிரியுமுன் ஏரிக்கரை நாணலுக்குள் உட்கார்ந்தோம். பறவைகளை ஏமாற்றி இறக்கத் தண்ணீரில் பொம்மை வாத்துகள் மிதந்தன. அசையக் கூடாது, பேசக் கூடாது என்றான் க்ளென். கிழக்கு வெளுத்ததும் வானம் இரைந்தது. ஆயிரக்கணக்கான வாத்துகள், வளைந்து வளைந்து, கால்களை நீட்டிக்கொண்டு எங்கள் தலைக்கு மேலேயே இறங்கின. நம்பமாட்டீர்கள், எனக்கு நெஞ்சு விம்மிவிட்டது. நான் மதுரை கோச்சடைக்காரன், சித்திரை தவறாமல் அழகர் வைகையில் இறங்குவதைக் கூட்டத்தில் நசுங்கிப் பார்த்து வளர்ந்தவன். பெரிதாக ஒன்று இறங்கி வருவதைக் கண்டால் என் உடம்புக்குத் தெரிந்தது ஒன்றுதான். எழுந்தேன். கைகளைத் தலைக்கு மேல் கூப்பி, "கோவிந்தா!" என்று அடிவயிற்றிலிருந்து கத்தினேன். ஒரு நொடியில் ஏரி காலி.

"கொல்வது உங்கள் சாமிக்கு ஆகாதா?" என்று க்ளென் மெதுவாகக் கேட்டான்.

"ஐயோ, நான் வாத்துக்கறி சாப்பிடுகிறவன்."

"முதலிலேயே கேட்டிருக்க வேண்டும். மன்னித்துவிடு."

அவன் மனம் நோகாமலிருக்க நான் பொய் சொல்வதாக நினைத்துவிட்டான். மறு வருடம் மரியாதை கருதி என்னைக் கூப்பிடவே இல்லை. திட்டியிருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

இந்தத் தை மாதம் விடுப்பில் மதுரைக்கு வந்திருந்தபோது, என்னோடு படித்த எழுமலை முருகேசன் போன் செய்தான். "மாப்ள, கண்மாய் நெறைஞ்சு கெடக்கு. காட்டு வாத்து அம்புட்டு எறங்கியிருக்கு. விடியமுன்ன வண்டிய எடுத்துட்டு வாரேன், ரெடியா இரு."

இங்கே சுட்டால் ஜெயில். பார்க்கத்தான் போனோம். கண்மாய்க் கரையில் கருவேல மரத்தடியில் காத்திருந்தோம். மலை விளிம்பு சிவந்ததும் அதே இரைச்சல், அதே நீட்டிய கால்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. முருகேசன் துண்டைச் சுழற்றிக் கூவினான். வாத்துகள் எழும்பி ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு அதே தண்ணீரில் இறங்கின. சுடாத ஊர் என்பது அவற்றுக்குத் தெரிந்திருந்தது.

"டேய், கத்தாத," என்றேன் பல்லைக் கடித்துக்கொண்டு.

"பாக்க வந்தவன் இப்புடியா பதுங்குவான்? ஒங் கையப் பாரு மாப்ள."

பார்த்தேன். ஒரு காலில் மண்டியிட்டிருந்தேன். இடது கை முன்னால் நீண்டு, இல்லாத துப்பாக்கியைத் தாங்கியிருந்தது. வலது கையின் ஆள்காட்டி விரல் தோளருகே மடங்கியிருந்தது. க்ளென் பார்த்திருந்தால் அடுத்த வேட்டைக்கே கூப்பிட்டிருப்பான். முருகேசன் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு என்னிடமிருந்து ஓரடி தள்ளி நின்றான்.