அப்பா சொன்ன ‘பச் கயா’

அப்பா கர்த்தருக்குள் நித்திரையடைந்து ஓராண்டு ஆகிவிட்டது. அழுதுகொண்டு எழுதினால் அப்பாவுக்கே பிடிக்காது. ஆகவே சிரித்துக்கொண்டே எழுதுகிறேன்.

நாசரேத்துக்குப் பக்கத்துச் சிற்றூரில் பிறந்து, சிறு வயதிலேயே தகப்பனாரை இழந்து, டைப்ரைட்டிங் கற்று, மத்திய அரசு வேலைக்காக டெல்லி வந்தவர்கள் அப்பா. ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸில்தான் நானும் தம்பியும் வளர்ந்தோம். அப்பாவுக்கு இந்தி சொல்லிக்கொடுத்தவர்கள் பஸ் கண்டக்டர்கள். நம் சபையில் ‘ரட்சிக்கப்பட்டேன்’ என்று சாட்சி சொல்வோமே, அதற்கு அப்பா பிடித்துவைத்திருந்த இந்தி ‘பச் கயா’. இந்திக்காரர்களுக்கோ அது விபத்தில் தப்பியவன் சொல்லும் சொல்!

ஒருநாள் அப்பா காய்கறி வண்டிக்காரரிடம், “பையா, மே பச் கயா!” என்றார்கள்.

“அச்சா? க்யா ஹுவா? ஆக்ஸிடென்ட்?” அவர் பதறித் தராசையே கீழே வைத்துவிட்டார்.

எதிர் வீட்டு மாமா மாடியிலிருந்து பார்த்துச் சிரித்தார். கும்பகோணத்துக்காரர், வாரம் தவறாமல் மலை மந்திர் முருகன் கோயிலுக்குப் போகிறவர். “ஓய், இங்கே மிஞ்சிப்போன சப்பாத்தியையும் பச் கயான்னுதான் சொல்வா!”

“சரியாத்தான் சொல்லுதிய சார். மிஞ்சிப்போனவனைத்தான ஆண்டவரு எடுத்துக்கிட்டாரு!”

இப்படிச் சிரித்த அப்பாவுக்கும் ஒரு பயம் இருந்தது. ஊர்க் கன்வென்ஷன் பந்தலில் சிறுவயதில் கேட்ட நியாயத்தீர்ப்புப் பிரசங்கம் அவர்களை விடவே இல்லை. மகள் என்னிடம் மட்டும், “தீர்ப்பு சொல்லுதவரே நமக்காக உயிரைக் கொடுத்தவருட்டி, பயப்படாத” என்பார்கள். தனக்கென்று வந்தபோதுதான் தடுமாறினார்கள். இதய ஆபரேஷனுக்கு ஸ்ட்ரெச்சரில் படுத்திருந்தபோது என் கையைப் பிடித்து, “ஏட்டி, அங்க போயி நிக்கும்போது அவரு என்னை ஏத்துக்கிடுவாரா?” என்று கேட்டார்கள்.

ஓயாமல் பேசுகிற நான் வாயைத் திறக்குமுன், பக்கத்தில் காபி பிளாஸ்க்கோடு நின்ற மாமா முந்திக்கொண்டார். “என்ன ஓய், ஊர் பூரா பச் கயான்னு சொல்லிண்டு திரிஞ்சேள். இப்போ சந்தேகமா? உம்ம சாமி வாக்குக் கொடுத்தா மாத்துவாரா?”

அப்பா அவரையே பார்த்தார்கள். பிறகு முகம் மலர்ந்தது. “மாத்த மாட்டாரு சார். மாத்தவே மாட்டாரு.” சிரித்தபடியேதான் உள்ளே போனார்கள்.

மயக்கம் தெளிந்ததும் நர்ஸ் மரியாதையாக, “அங்கிள், ஆப் பச் கயே!” என்றார். அப்பா பலவீனமான குரலில், “பஹுத் பஹ்லே!” என்றார்கள். எப்போதோ ஆயிற்றாம்!

அதன்பின் பயம் என்ற பேச்சே இல்லை. அடுத்த குளிர்காலத்தில், அம்மா ஜெபித்துக்கொண்டிருக்கையில், அமைதியாகக் கடந்து போனார்கள்.

அப்பாவைக் கவனித்துக்கொண்ட மருத்துவர்கள், நர்சுகள், வீட்டில் வந்து ஜெபித்த போதகர், சபையார், எங்களுக்குச் சமைத்துப் போட்ட குவார்ட்டர்ஸ் அத்தைமார், ரயிலேறி வந்த சொந்தங்கள் எல்லாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. கல்லறைத் தோட்டத்துக்கே வந்த காய்கறி பையாவுக்கும் நன்றி. அவர் மாமாவிடம் மெதுவாக, “பாபுஜி நஹீ பச்சே?” என்று கேட்டார். அப்பா பிழைக்கவில்லையா என்றுதான் கேட்டார்.

மாமா கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

“பச் கயே, பையா. பச் கயே.”