மந்திரவாதிக்கு முன்னால் நிற்பவர்

டொரொன்டோவில் சனிக்கிழமை பின்னேரங்களில் தலை நரைத்தவர்கள் நூலகத்தில் கூடி, பகடை உருட்டி, மந்திரவாதியாகவும் போர்வீரராகவும் கதை கட்டி விளையாடுகிறார்கள். ஊரில் சொன்னால், குளிரில் மரை கழன்றுவிட்டது என்பீர்கள். எனக்கும் அதில் ஒரு வேடம் உண்டு. என்னோடு கிடங்கில் வேலை செய்யும் மொலிதான் கூட்டிப்போனாள். அவள் போர்வீரி, நான் மந்திரவாதி.

மந்திரவாதி நினைத்தால் ஒரு படையையே எரித்துவிடலாம். ஆனால் மந்திரம் சொல்லும் நேரத்தில் அவனால் தன்னைக் காத்துக்கொள்ள முடியாது. நடுவில் ஓர் அடி விழுந்தால் மந்திரம் போச்சு. அதனால் வேறொருவர் முன்னால் நின்று அடி வாங்கவேண்டும். இது என்ன நியாயம் என்று ஆட்டத்தை நடத்தும் பிரையனிடம் கேட்டேன். "இல்லாவிட்டால் எப்போதும் மந்திரவாதியே வெல்வான். சமநிலை வேண்டாமா?" என்றார்.

சண்டைக் காலத்துக் கொழும்பில் எங்களுக்கு மந்திரமும் அடியும் ஒரே ஆளுக்குத்தான். கொட்டாஞ்சேனை அன்ரனும் நானும் ஒரே கந்தோரில் வேலை. சிங்களம் அவனுக்குத் தண்ணீர் பட்ட பாடு. எனக்கு நாக்கு புரளாது. வெள்ளவத்தைக்கு பஸ்ஸில் வரும்போது சோதனைக்கு ஆமிக்காரர் ஏறினால், "நீ வாயத் திறக்காத, நான் கதைக்கிறன்" என்று முன்னால் போய் நிற்பான். கடைக்காரனோ சிப்பாயோ, அவனுக்கு எல்லாரும் 'மல்லி', அதாவது தம்பி. அந்தச் சொல்லைக் கேட்டால் அவர்கள் முகம் கொஞ்சம் இளகும்.

ஒருநாள் ஏறியவர் மீசை நரைத்த அதிகாரி. அன்ரன் பழக்கதோஷத்தில் "மல்லி" என்றுவிட்டான்.

"மம உம்பே மல்லித?" நான் உன் தம்பியா என்று கேட்டார் அவர். அன்ரன் சிரித்துச் சமாளிக்கப் பார்த்தான். அடையாள அட்டையை வாங்கிக்கொண்டு இறங்கச் சொன்னார். நான் எழுந்தேன். இரு என்று அன்ரன் கையைக் காட்டினான். பஸ் புறப்பட்டது. அவனுடைய அம்மா ஏறி இறங்காத பொலிஸ் நிலையம் இல்லை. அவன் வரவேயில்லை.

போன கிழமை ஆட்டத்தில் அரக்கர்கள் எங்களைச் சூழ்ந்துவிட்டார்கள். "நான் தடுக்கிறேன், நீ மந்திரத்தைச் சொல்லு" என்றாள் மொலி. என் வாய் திறக்கவில்லை. "மந்திரத்தை மிச்சம் பிடிக்கிறாயா? அடுத்த அடியில் அவள் செத்துவிடுவாள்" என்று பிரையன் சிரித்தார். கடைசியில் வாயிலிருந்து வந்தது ஒரே சொல்.

"மல்லி."

தன் பெயரைத்தான் நான் கொன்னையாகச் சொல்கிறேன் என்று மொலி நினைத்தாள் போல. "பயப்படாதே, உனக்கு முன்னால்தான் நிற்கிறேன்" என்றாள். நான் தலையாட்டினேன். பஸ்ஸின் பின்கண்ணாடியில் அன்ரன் சிறிதாகிக்கொண்டே போனான்.