மூஞ்சி மாறிய மாருதி

உத்திராபதி அண்ணனை நான் முதலில் பார்த்தது 2001-இல், என் பட்டமளிப்பு விழா அன்று. எங்கள் வீட்டில் அதுவரை பத்தாவதைத் தாண்டியவர்கள் யாரும் இல்லை. நான் குரும்பலூரிலிருந்து இரண்டு பஸ் மாறி, மூன்று வருஷம் அரியலூர் அரசுக் கலைக் கல்லூரிக்குப் போய் பி.எஸ்சி. கணிதம் முடித்திருந்தேன். பட்டம் வாங்கத் திருச்சிக்குப் போகும் அந்த ஒரு நாளாவது அப்பாவும் அம்மாவும் பஸ்ஸில் நிற்காமல் உட்கார்ந்து போகட்டும் என்று கார் விசாரித்தேன். கடைத்தெருவில் எல்லோரும் ஒரே ஆளைத்தான் சொன்னார்கள். வேப்பந்தட்டைப் பக்கம் உத்திராபதி என்று ஒருவர், சொந்தமாக மாருதி வைத்திருக்கிறார், சொன்ன நேரத்துக்கு வந்து நிற்பார் என்றார்கள்.

காலை ஆறு மணிக்கு வந்து நின்றார். வெள்ளை மாருதி 800, 1989 மாடல். துவைத்து இஸ்திரிப் பெட்டி போட்ட சட்டை, நெற்றியில் திருநீறு, நாற்பது வயது இருக்கும். முன் சீட்டில் உட்கார்ந்த அப்பா இரண்டு கையையும் முட்டிமேல் வைத்துக்கொண்டார்.

"என்னங்க இது, தரையிலயே உக்காந்த மாதிரி இருக்கு?"

"கால நல்லா நீட்டிக்கங்க மாமா. கொஞ்ச நேரத்துல பழகிப் போவும்."

"எனக்கு நீங்க மருமவன் மொறையா?"

"இன்னைக்கி ஒரு நாளு மொறைதான். இது சொந்த போர்டு வண்டி, வாடகைக்கு ஓட்டக் கூடாது. போலீஸ் மறிச்சா மாமான்னுதான் சொல்வேன். நீங்களும் ஆமான்னு சொல்லிடுங்க."

சமயபுரத்துக்கிட்டே ஒரு போலீஸ்காரர் கையைக் காட்டினார். அண்ணன் இறங்கி, "எங்க மாமா சார், பையன் பட்டம் வாங்குறான்" என்றார். போலீஸ்காரர் குனிந்து அப்பாவைப் பார்த்து, "உங்க மருமகனாய்யா?" என்று கேட்டார். அப்பாவுக்குப் பொய் சொல்லி வழக்கமில்லை.

"சொந்தந்தாங்க. எந்த ஊருன்னுதான் இன்னும் கேட்டுக்கல."

போலீஸ்காரர் சிரிப்பை அடக்கிக்கொண்டு என்னைப் பார்த்தார். என்ன படிப்பு என்று விசாரித்தார். "நல்லாப் படிச்சு வேலைக்குப் போ. வண்டிய வாடகைக்கு டி போர்டு ஆக்கச் சொல்லு உங்க மச்சான" என்று சொல்லி அனுப்பிவிட்டார். அம்மா திருச்சி வரும்வரை சிரித்துக்கொண்டே வந்தாள்.

அன்று போகிற வழியெல்லாம் அண்ணன் வண்டியைப் பற்றித்தான் பேசினார். 1983-இல் முதல் மாருதி வந்தபோது பணம் கட்டி, பெயரைப் பதிந்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருந்தார்களாம். முதலில் வந்தது கட்டம் கட்டமான சின்ன வண்டி. 1986-இல் உருவம் மாறி இந்த உருண்டை வடிவம் வந்தது. 97-இல் முகப்பும் லைட்டும் மாறின. இப்போது கார்புரேட்டரே இல்லாத வண்டியும் வந்துவிட்டது. "ஆனா பாடி அதே பாடிதான் தம்பி. மூஞ்சி மட்டுந்தான் மாறும்" என்றார். அவருடைய வண்டியை முதலில் வாங்கியவர் பெரம்பலூரில் ஒரு டாக்டர். பதிந்துவிட்டு இரண்டரை வருஷம் காத்திருந்து வாங்கினாராம். அதனால் சீட்டில் போட்டுவந்த பாலித்தீன் உறையை ஏழு வருஷமும் அவர் கழற்றவே இல்லை. அண்ணன் 1996-இல் அதை வாங்கிய அன்றே உறையைக் கிழித்து எறிந்தார். "உக்காரத்தானே சீட்டு?"

அவர் ஏன் கார் வாங்கினார் என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. பட்டம் வாங்கி இரண்டு வருஷம் கழித்து வேப்பந்தட்டையில் ஒரு தனியார் பள்ளியில் வாத்தியாராகச் சேர்ந்தேன். பள்ளிக்கு எதிரில் பஸ் ஸ்டாண்ட் பக்கம் அவர் வண்டி நிற்கும். மத்தியானச் சோற்றை இருவரும் சேர்ந்தே சாப்பிடுவோம்.

அவர் அப்பா, தாத்தா எல்லாம் அடுத்தவர் காட்டில் கூலி வேலை பார்த்தவர்கள். இவர் பதினாறு வயதில் லாரிக்குக் கிளீனராகப் போனார். பிறகு டிரைவர். நாக்பூர், இந்தூர், ராய்ப்பூர் என்று பதினெட்டு வருஷம். கிளம்பினால் வீடு திரும்ப இருபது நாளாகும். மகள் சுகன்யா பிறந்தபோது அவர் நாக்பூரில் டயர் மாற்றிக்கொண்டிருந்தார். 1995 தீபாவளிக்கு வந்து இறங்கியபோது சுகன்யாவுக்கு மூன்று வயது. வாசலில் நின்ற பிள்ளை உள்ளே ஓடிப்போய், "அம்மா, யாரோ ஒரு ஆளு வந்துருக்காங்க" என்றது.

அதற்குப் பிறகு ஒரே ஒரு நடைதான் லாரி ஓட்டினார். கார் வாங்கினார். "காரு ஓடுற வரைக்கும் நான் வூட்டுல இருப்பேன். காரு போச்சுன்னா மறுபடி லாரிதான். எனக்கு வேற தொழிலு தெரியாது" என்பார். இதை எத்தனை தடவை சொல்லியிருப்பாரோ, கணக்கில்லை.

அவர் ஊர் வேப்பந்தட்டைக்கு மேற்கே, மலையைப் பார்த்துப் போகும் ரோட்டில் இருக்கிறது. எல்லாம் மானாவாரி நிலம். தை, மாசி வந்தால் அந்த ரோடே கண்ணுக்குத் தெரியாது. கொள்ளுச்செடியைப் பிடுங்கி, காயவைத்து, ரோட்டின் அகலத்துக்கும் பரப்பிவிடுவார்கள். பஸ்ஸும் லாரியும் ஏறிப் போகப்போக நெற்று உடைந்து கொள்ளு கீழே உதிரும். சாயந்திரம் சருகை உதறி அள்ளிவிட்டு, கொள்ளைக் கூட்டித் தூற்றி எடுத்துக்கொள்வார்கள். மாடும் வேண்டாம், மெஷினும் வேண்டாம்.

பஸ்ஸுக்கும் லாரிக்கும் இதில் ஒன்றும் இல்லை. அம்பாசடர்கூடத் தாண்டிவிடும். மாருதிக்கும் தரைக்கும் நடுவில் ஒரு சாண்கூட இல்லை. செடி அடியில் உரசும், முன் அச்சில் சுற்றிக்கொள்ளும். சூடான சைலன்சரில் காய்ந்த சருகு பட்டால் என்ன ஆகும் என்று அண்ணனுக்குத் தெரியும். அதனால் அந்த இரண்டு மாதமும் ஏரிக்கரை வழியாக நான்கு கிலோமீட்டர் சுற்றித்தான் போவார். வண்டி வாங்கிய புதிதில், பாதி ரோட்டையாவது விடுங்கள் என்று ஊரில் கேட்டும் பார்த்தார்.

பக்கத்து வீட்டு சாமிதுரை அவருக்கு மச்சான் முறை. அவர்தான் பதில் சொன்னார்.

"ஏன் மாப்ள, காரு வாங்குனா ரோடும் சேத்தா எழுதிக் குடுத்தாங்க? போன வருஷம் வரைக்கும் உன் பொண்டாட்டியும் இங்கதான் கொட்டிப் பரப்புச்சு."

"இனிமே பரப்ப மாட்டா மச்சான்."

"அத உன் பொண்டாட்டி சொல்லட்டும்."

அவர் மனைவி வீரம்மாள் அக்கா முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

2004 மாசியில் அது நடந்தது. அன்று நான் அங்கே இல்லை, மறுநாள்தான் போனேன். அவரும் அக்காவும் ஆளுக்கு ஒரு விதமாகச் சொன்னதைச் சேர்த்துச் சொல்கிறேன்.

பாலம் வேலை நடந்ததால் அந்த வாரம் ஊருக்குள் பஸ்ஸே வரவில்லை. காலையில் ரோட்டில் பரப்பிய கொள்ளு, வண்டி ஏறாமல் அப்படியே கிடந்தது. மூன்று மணிக்கு மலைப்பக்கம் கருத்துக்கொண்டு வந்தது. பரப்பியவர்களில் வீரம்மாள் அக்காவும் ஒருத்தி. ஒரு ஏக்கர் கொள்ளு. அந்த நேரம் பார்த்து அண்ணன் ஏரிக்கரை வழியாக வீட்டுக்கு வந்து சேர்ந்தார்.

"மழை வருது, பாத்தீங்கல்ல? நாலு ரவுண்டு ஏத்தி எறக்கிக் குடுங்க."

"ஏ புள்ள, யாரக் கேட்டு ரோட்டுல பரப்புன? ஊரு பூரா வேணாம்னு சொல்லிட்டு, நானே என் வண்டிய உடுறதா?"

"ஊருக்குச் சொன்னத ஊருக்கிட்ட சொல்லுங்க. நனைஞ்சு மொளச்சுப் போனா நீங்களா திம்பீங்க?"

அண்ணன் வானத்தைப் பார்த்தார். வண்டியை ரோட்டுக்குத் திருப்பினார். நாலே ரவுண்டு என்றார். வாசலில் நின்றவர்கள் கைகொட்டிச் சிரித்தார்கள். நாலாவது ரவுண்டில் அக்காவின் கொள்ளு நன்றாகவே உதிர்ந்துவிட்டது. நிறுத்தப் போகும்போது சாமிதுரை வண்டிக்கு முன்னால் வந்து நின்றார்.

"உன் பொண்டாட்டி கொள்ளு மட்டுந்தான் நனையுமா மாப்ள? என்னுது நனையாதா?"

சிரித்த வாயெல்லாம் இப்போது கெஞ்சத் தொடங்கியது. "அண்ணே, எங்களுதும்ணே", "பெரியப்பா, ரெண்டே ரவுண்டு." தன் வீட்டுக் கொள்ளை அடித்துவிட்டு அடுத்தவன் கொள்ளுக்கு மாட்டேன் என்று எந்த வாயால் சொல்வது? அவரால் முடியவில்லை. மதகுவரை போவது, திரும்புவது, கோயில்வரை வருவது என்று அரை மணி நேரம் ஓட்டினார். நடுவில் இறங்கி, அடியில் சிக்கிய செடியைப் பிடுங்கிப் போடக்கூட ஜனங்கள் விடவில்லை. வானம் அவ்வளவு கருத்துவிட்டது.

சோறு அடிபிடித்த மாதிரி ஒரு வாசம் வந்தது. யார் வீட்டு அடுப்போ என்றுதான் அக்கா நினைத்தாளாம். சாமிதுரையின் கொள்ளுமேல் இருக்கும்போது பானெட் இடுக்கில் புகை கிளம்பியது. அண்ணன் குதித்து இறங்கி பானெட்டைத் தூக்கினார். காற்று பட்டதும் நெருப்பு குப்பென்று எழுந்தது.

கீழே முழுக்கக் காய்ந்த சருகு. வண்டி அங்கேயே நின்றிருந்தால் கொள்ளும் போயிருக்கும், வீடுகளும் போயிருக்கும். சாமிதுரையும் இன்னும் ஏழெட்டுப் பேரும் வண்டியைப் பின்னாலிருந்து தள்ளி, மண் தெரியும் இடத்துக்குக் கொண்டுபோனார்கள். பெண்கள் புடவைத் தலைப்பில் மண்ணை அள்ளி வந்து கொட்டினார்கள். யாரோ ஈரச் சாக்கைப் போட்டு அமுக்கினார்கள். பெட்ரோல் டேங்க் பின்பக்கம் இருந்ததால் தப்பித்தது. முன்பாதி போய்விட்டது. வயர், குழாய், கார்புரேட்டர், லைட் எல்லாம் கருகி, பானெட் நெளிந்து நின்றது.

மழை இரண்டு தூறலோடு போய்விட்டது.

மறுநாள் நான் போனபோது சாமிதுரை அங்கேதான் உட்கார்ந்திருந்தார். "என் கொள்ளுல வச்சா எரியணும்?" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார். அண்ணன் யாரையும் திட்டவில்லை. "வண்டி மேல குத்தமில்ல. தெரிஞ்சே ஓட்டுனவன் நான்" என்றார். இன்சூரன்ஸ் அடுத்தவருக்கு ஆகும் நஷ்டத்துக்கு மட்டும் போட்டது, அதில் ஒன்றும் வராது. உள்ளே கயிற்றுக்கட்டிலில் ஒரு பையில் இரண்டு கைலியும் ஒரு போர்வையும் மடித்து வைத்திருந்தது. நாமக்கல்லில் பழைய முதலாளிக்குப் போன் போட்டுவிட்டாராம். திங்கட்கிழமை நாக்பூர் நடை. சுகன்யா அந்தப் பையைப் பார்த்துக்கொண்டு பள்ளிக்கூடம் போகாமல் நின்றிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பெரம்பலூர் மெக்கானிக் வந்து பார்த்தார். "இன்ஜினுக்கு ஒண்ணும் ஆவல. இந்த வண்டிக்குச் சாமான் கெடைக்காத ஊரே இல்லண்ணே. அரியலூர் செந்துறை ரோட்டுல ஆண்டவருன்னு ஒருத்தரு ஷெட்டு வச்சிருக்காரு. அவருகிட்ட 99 மாடல் ஒண்ணு, பின்னாடி லாரி இடிச்சு நசுங்கிக் கெடக்கு. முன்பாதி புதுசாட்டம் இருக்கு" என்றார்.

"அவருக்குக் குடுக்க என்ன இருக்கு எங்கிட்ட?" என்றார் அண்ணன்.

"போய்க் கேட்டாத்தானே தெரியும்? நானும் வரேன்" என்று அக்கா புடவை மாற்ற உள்ளே போனாள். "இவருக்கு வாயத் தொறந்தா சரின்னுதான் வரும். அதனாலதான் வண்டி இப்படி ஆச்சு."

வேப்பந்தட்டைவரை நடந்து, அங்கிருந்து பஸ்ஸில் இருவரும் அரியலூர் போனார்கள். ஆண்டவர் ஏலாக்குறிச்சிக்காரர். ஷெட்டோடு, சுரங்கத்திலிருந்து சிமெண்ட் ஆலைக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றும் டிப்பர் இரண்டும் வைத்திருந்தார். ஒரு டிப்பருக்கு டிரைவர் இல்லை. அண்ணன் லைசென்சைப் பார்த்துவிட்டு, "ரெண்டு மாசம் ராத்திரி லோடு ஓட்டிக் குடு. முன்பாதிய எடுத்துக்க" என்றார். அண்ணன் வாயைத் திறப்பதற்குள் அக்கா முந்திக்கொண்டாள்.

"ராத்திரி லோடு கெடையாதுங்க. பகல்ல ஓட்டுவாரு. சாயந்திரம் ஆறு மணி பஸ்ஸுக்கு அனுப்பிடணும்."

"என்னம்மா இது, டிரைவர வேலைக்குக் கேட்டா பள்ளிக்கூடத்துப் புள்ள மாதிரி பெல் அடிச்சு அனுப்பச் சொல்றே?"

"ராத்திரி வூட்டுல இருக்கத்தான் அவரு காரே வாங்குனாரு. அந்தக் காருக்காக ராத்திரி வெளியில இருந்தா அப்புறம் எதுக்குங்க அது?"

ஆண்டவர் அண்ணனைப் பார்த்தார். "நீ என்னய்யா சொல்றே?"

"அவ சொன்னதுதாங்க."

"அப்ப ரெண்டு மாசம் பத்தாது. மூணு மாசம்."

"மூணு மாசம் ஓட்டுறோம்" என்றாள் அக்கா, தானும் ஸ்டீரிங் பிடிக்கப் போகிற மாதிரி.

திங்கட்கிழமை காலை அண்ணன் அரியலூர் பஸ் ஏறினார். நாமக்கல்லுக்கு நான்தான் போன் போட்டு, ஆள் வரவில்லை என்று சொன்னேன். மூன்று மாதம், விடிவதற்குள் கிளம்பி, ராத்திரி எட்டரை மணிக்கு உடம்பெல்லாம் வெள்ளைத் தூசியோடு வந்து இறங்குவார். வைகாசி கடைசியில் பெரம்பலூர் மெக்கானிக் இரண்டு பாதியையும் சேர்த்து முடிக்க, வண்டி ஊருக்குள் வந்தது. பின்பாதி 89, முன்பாதி 99. முன்பக்கம் நல்ல சிவப்பு, பின்பக்கம் வெள்ளை. அண்ணன் அரியலூருக்குப் போய்வந்த மூன்று மாதமும் கேலியை விட்டிருந்த சாமிதுரைக்கு, வண்டியைப் பார்த்ததும் தாங்கவில்லை.

"மாப்ள, நீ போறியா வர்றியான்னு இனிமே நெறத்தப் பாத்தாலே தெரியும்யா."

பெயின்ட் அடித்து ஒரே நிறமாக்க இன்னும் ஒரு வருஷம் ஆனது. அடுத்த தை, மாசியிலும் ரோட்டில் கொள்ளு கிடந்தது. ஊர் மாறவில்லை. அண்ணன் ஏரிக்கரை வழியாகத்தான் சுற்றிப் போனார். யார் கெஞ்சினாலும் வண்டியை நிறுத்தவில்லை. அக்கா அந்த வருஷம் கொள்ளைப் பாறைமேல் போட்டுத் தடியால் அடித்து எடுத்தாள்.

இது 2007. உத்திராபதி அண்ணனுக்கு நாற்பத்தாறு வயது. அதே மாருதியைத்தான் ஓட்டுகிறார். பகலில் வேப்பந்தட்டை பஸ் ஸ்டாண்ட் பக்கம் இருப்பார், இரவில் வீட்டில் இருப்பார். சுகன்யா பத்தாவது படிக்கிறாள்.