நகராத பச்சைப் பட்டையும் செலின் டீச்சரும்

செய்தி வந்தபோது நான் தவளக்குப்பத்தில் மீனைச் சுத்தம் செய்யக் கொடுத்துவிட்டு நின்றுகொண்டிருந்தேன். பள்ளி அலுவலகத்திலிருந்து ஒரு குறுஞ்செய்தி. செலின் டீச்சர் இன்று காலை மாரடைப்பில் காலமானார், நாளை மாலை அடக்கம் என்று இருந்தது. முதல் வரியிலேயே கண் நின்றுவிட்டது. பிறகு அவளுக்குப் பயந்துகொண்டு கடைசி எழுத்துவரை படித்தேன். எதையும் பாதியில் விட்டுவிட்டுப் புரிந்ததாகத் தலையாட்டுகிறவர்களை அவளுக்குப் பிடிக்காது. மீனை வாங்காமலே பஸ் ஏறிவிட்டேன் என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது.

மூலக்குளத்தில் நம் பள்ளியில் அவள் பிரெஞ்சு எடுத்தாள், நான் தமிழ். இருவருக்கும் ஒரே வயது, ஆசிரியர் அறையில் ஒரே மேசை. அவளைத் தெரிந்த உங்களுக்கு அவள் படிக்கிற விதத்தைச் சொல்ல வேண்டியதில்லை. கல்யாணப் பத்திரிகை கொடுத்தால் அடியில் இருக்கிற அச்சகத்தின் பெயர்வரை படித்துவிட்டுத்தான் வாழ்த்துச் சொல்வாள். மாத்திரைப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் பொடி எழுத்துக் காகிதத்தை விரித்துப் படிக்கிற ஆளாக நான் பார்த்தது அவளை மட்டும்தான். கணக்கு டீச்சர் இதைச் சொல்லிக் கிண்டல் செய்வார். "எழுதினவன் மெனக்கெட்டு எழுதியிருக்கான் டீச்சர், படிச்சா கொறஞ்சா போயிடுவோம்?" என்பாள் செலின். மூக்குக்கண்ணாடியை ஒரு விரலால் மேலே தள்ளிவிட்டு மறுபடியும் படிப்பாள். எனக்கே சில நாள் எரிச்சலாக இருக்கும். அந்தப் பழக்கம் என் வீட்டுக்கு என்ன செய்தது என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

என் மகள் கயலுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. அவள் பேசுவதெல்லாம் கையால்தான். அவளுக்கு முதலில் கைப்பேச்சு பழக்கியது நான் இல்லை, அவள் அப்பா. அவர் பாரீசில் ஓர் உணவகத்தில் சமையல் வேலைக்குப் போன பிறகு தொலைபேசியில் என்னோடு மட்டும்தான் பேச முடிந்தது. நான் பேசி முடிக்கும்வரை கயல் என் வாயையே பார்த்துக்கொண்டிருப்பாள். வைத்ததும், அப்பா என்ன சொன்னார் என்று கேட்பாள். நான் சொல்வேன். அதில் பாதி எண்ணெய்ச் செலவு, வீட்டு வரி. அவளுக்கென்று மிச்சம் இருந்தது, நல்லாப் படிக்கச் சொன்னார் என்பது மட்டும். கொஞ்ச நாளில் அவள் கேட்பதையும் நிறுத்திவிட்டாள்.

அந்தச் சமயத்தில் அவர் ஒரு பழைய மடிக்கணினியையும், அதன் தலையில் மாட்டுகிற சின்ன கேமராவையும் ஸ்வெட்டருக்குள் சுற்றி ஊருக்கு வந்த நண்பரிடம் கொடுத்தனுப்பினார். முகம் பார்த்துப் பேசலாம் என்றார். வீட்டில் புதிதாக இணைய இணைப்பும் வாங்கிவிட்டோம். ஆனால் முகம் பார்த்துப் பேச உதவும் மென்பொருள், கணினியின் இயங்குதளத்துக்கு ஒரு பெரிய அப்டேட் போட்டால்தான் வருவேன் என்று அடம்பிடித்தது. அப்டேட் தானாக இறங்கத் தொடங்கும். பச்சைப் பட்டை கொஞ்ச தூரம் நகரும், லைன் அறுந்துவிடும், மறுபடி முதலிலிருந்து. கயல் பள்ளி விட்டு வந்ததும் திரைக்கு முன்னால் உட்கார்ந்து அந்தப் பட்டையைப் பார்த்துக்கொண்டிருப்பாள். நேரு வீதிக் கடைக்காரர் எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டுத்தருகிறேன் என்றார். கேமராவை இயக்கும் மென்பொருள் இருக்கிற சிடித் தட்டு கணினியோடு வரவில்லை, அழித்தால் கேமரா வேலை செய்யாமல் போகலாம் என்பதையும் அவரே நேர்மையாகச் சொன்னார். கேமரா இல்லாத கணினியை வைத்து நான் என்ன செய்வேன்?

ஆசிரியர் அறையில் இதைச் சொல்லிப் புலம்பினேன். செலினுக்குக் கணினியைப் பற்றி என்னைவிட அதிகமாக ஒன்றும் தெரியாது. இருந்தும் அன்று மாலையே கிளம்பிவிட்டாள். ஒரு கணினிப் பத்திரிகையோடு இலவசமாக வந்த குறுந்தகட்டில் அதே அப்டேட் இருக்கிறது, இணையமே வேண்டாம் என்றாள். போட்டோம். ஏதோ ஓடியது, ஒரு சின்னக் கட்டம் எழுந்தது, நான் சட்டென்று சரி என்று அழுத்தினேன், எல்லாம் மறைந்தது. மறுபடி போட்டோம், அதே கதை. அடுத்த நாளும் வந்தாள், அதற்கடுத்த நாளும். படிக்கிற விஷயத்தில் இவ்வளவு பெயர் வாங்கியவள், என் அவசரத்தைப் பார்த்துத் தானும் அவசரப்பட்டாள். கடைசியில் என் கையை மவுஸிலிருந்து தட்டிவிட்டாள்.

"நிறுத்துடி. ரெண்டு பேரும் வாத்தியாருங்க. கேள்வித்தாளப் படிக்காம எழுதற பசங்கள என்ன பண்ணுவோம்?"

அடுத்த முறை கட்டம் எழுந்தபோது கண்ணாடியைத் தள்ளிவிட்டுக்கொண்டு படித்தாள். படித்துவிட்டு நாற்காலியில் சாய்ந்து சிரிக்கத் தொடங்கினாள். அப்டேட் ஒரு மொழியில் இருக்கிறது, கணினி வேறு மொழியில் இருக்கிறது, ஆகையால் போட முடியாது என்பதுதான் செய்தி. பாரீசில் வாங்கிய கணினி, உள்ளே எல்லாம் பிரெஞ்சு. நாங்கள் திரும்பத் திரும்ப ஊட்டியது ஆங்கிலத் தட்டு. எனக்குப் பிரெஞ்சு தெரியாது, படத்தைப் பார்த்து அழுத்துகிறவள். அவளோ அத்தனை நாளும் அந்தத் திரையில் பிரெஞ்சைத்தான் படித்துக்கொண்டிருந்தாள். வீட்டில் பாதிப் பேச்சு பிரெஞ்சில் நடக்கும் குடும்பம் அவளுடையது. "எனக்கு அது பிரெஞ்சுல இருக்குதுன்னே தோணலடி" என்றாள், கண்ணைத் துடைத்துக்கொண்டே. பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட இந்த ஊரில் மட்டுமே ஒருவர் செய்யக்கூடிய தப்பு அது. ஆசிரியர் அறையில் அதை அவளே எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தாள், மறைக்கவில்லை.

என் கணவருக்குத் தெரிந்த பிரெஞ்சு அடுப்படியோடு சரி. அங்கே கடையில் என்ன கேட்க வேண்டும் என்பதைச் செலின் நல்ல பிரெஞ்சில் மின்னஞ்சலாக எழுதி அனுப்பினாள். அவர் அதை அச்செடுத்து அப்படியே நீட்டி, பிரெஞ்சுத் தட்டு வாங்கித் தபாலில் போட்டார். அது வந்து சேர்வதற்குள் இருவரும், பாதியில் அறுந்துபோன அப்டேட்கள் உள்ளே அடைத்துவைத்திருந்த குப்பைகளை அழித்து இடம் பண்ணினோம். ஒவ்வொன்றையும் அழிக்கவா என்று கணினி கேட்கும். அவள் முழுதாகப் படித்துவிட்டு, "ம், அழி" என்பாள்.

கணினியின் பேட்டரி செத்துப் பல காலம். நடுவில் மின்சாரம் போனால் எல்லாம் போச்சு. அதனால் தட்டு வந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சில் பூசை முடிந்து அவள் வந்தவுடன், இன்வெர்ட்டர் இருந்த அவள் வீட்டுக்கே தூக்கிக்கொண்டு போனோம். பட்டை முக்கால் தூரம் போய் நின்றது. சமைத்தோம், சாப்பிட்டோம், அது அசையவில்லை. கயல் என்னைப் பார்த்தாள். நின்றுபோச்சு என்று கைகாட்டினாள். எனக்கும் பொறுக்கவில்லை, நிறுத்திவிட்டு முதலிலிருந்து போடலாம் என்று பொத்தானிடம் கையைக் கொண்டுபோனேன். செலின் என் கையைப் பிடித்துக்கொண்டாள். கணினியின் ஓரத்தில் ஒரு சின்ன விளக்கு விட்டு விட்டு மின்னிக்கொண்டிருந்தது.

"வெளக்கு எரியுது பாரு. உள்ள வேல நடக்குது. நின்னுடுச்சின்னு நீயா முடிவு பண்ணாத, வசந்தி."

அந்த விளக்கைக் கயலுக்கும் காட்டினாள். மூன்று பேரும் பட்டையை விட்டுவிட்டு விளக்கைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். காபி ஆறிப்போயிருந்தபோது பட்டை நிரம்பியது.

மென்பொருளும் இப்போது அடம்பிடிக்காமல் வந்தது. அன்று மாலையே அவள் வீட்டு இணைய இணைப்பிலேயே அழைத்தோம். சொல்லிவைத்தபடி, உணவகத்தில் மதிய வேலை முடிந்து அவர் தெருமுனை இணையக் கடையில் காத்திருந்தார். படம் தெளிவாக இல்லை, கை அசைவு தயங்கித் தயங்கித்தான் வந்தது. கயல் கொஞ்ச நேரம் கையையே தூக்கவில்லை. பிறகு தூக்கினாள். அதன் பிறகு இறக்கவே இல்லை. பள்ளி, சண்டை, செத்துப்போன பூனை, என்னைப் பற்றிய புகார்கள், எல்லாம். எனக்கே தெரியாத விஷயங்கள் அதில் இருந்தன. நான் அழுதேன். திரும்பிப் பார்த்தால் செலின் நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டு, எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். ஏன் என்று கேட்டேன். "அப்பாவும் பொண்ணும் பேசறாங்க. நான் பாத்தா ஒட்டுக்கேட்ட மாதிரிடி" என்றாள். அவளுக்கு அப்போது கைப்பேச்சில் நாலைந்து சொல்தான் தெரியும். கயலின் பேச்சைப் பேச்சாகவே மதித்த மனிதர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. நன்றி சொல்ல வேண்டுமென்றால் எல்லாவற்றுக்கும் முன்னால் இதற்குச் சொல்வேன்.

கைப்பேச்சில் ஒருவருக்குப் பெயர் வைப்பது பெரிய விஷயம். எல்லோருக்கும் கிடைக்காது. கயல் அன்றைக்கே அவளுக்கு ஒரு பெயர் வைத்தாள்: ஒரு விரலால் மூக்குக்கண்ணாடியை மேலே தள்ளுவது. அப்பாவிடமும் அந்தப் பெயரைத்தான் சொல்லிக்கொடுத்தாள்.

அந்தக் கணினி இன்னும் ஓடுகிறது. அடக்கம் முடிந்து வந்த இரவு, கணவரிடம் நான் சொல்கிறேன் என்று உட்கார்ந்தேன். கயல் என்னை நகரச் சொன்னாள். இனி நடுவில் நான் தேவையில்லை என்பதும் செலின் செய்ததுதான். திரையில் அப்பா வந்ததும், கண்ணாடி போடாத தன் மூக்கின்மேல் விரலை வைத்து மெதுவாகத் தள்ளினாள். பிறகு, போய்விட்டார் என்று கையை விரித்தாள்.

அவர் அசையவில்லை. லைன் நின்றுவிட்டது என்று நினைத்து என் கை பொத்தானிடம் போனது. கயல் என் கையைப் பிடித்துக்கொண்டு ஓரத்து விளக்கைக் காட்டினாள். கொஞ்ச நேரம் கழித்து அங்கே அவருடைய விரல் எழுந்து மூக்கின்மேல் போனது.

செலினிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டிருப்பது அந்தப் பெயர்தான். எங்கள் வீட்டில் அதை மூன்று பேர் சொல்கிறோம்.