முதல் சரக்கு யாருக்கு

வேலூருக்கும் கடல் தாண்டிய ஒரு நகரத்துக்கும் வணிக உறவு ஏற்படுத்த அரசு அமைத்த குழுவில் நானும் ஓடித் திரிந்தேன். மொழிபெயர்ப்பாளராக வந்தவர் ஒல்லியானவர். மலையிலும் மடிப்புக் கலையாத சட்டை. வாயைத் திறக்கும் முன் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார்.

ஜவ்வாது மலையில் சாமை விற்கும் பெண்கள் குழுவைப் பார்த்தோம். வெளிநாட்டு ஆர்டர் கிடைத்தால் தரகரிடம் போக வேண்டாம் என்று காத்திருந்தார்கள். அந்த நகரத்திலிருந்து எங்களோடு வந்திருந்த வியாபாரி புதுச் சாமையைச் சமைத்துக் காட்டச் சொன்னார்.

தலைவி மூட்டையின் மேல் கை வைத்துக்கொண்டார். "சாமிக்குப் படைக்காம புதுசைத் தொடமாட்டோங்க. அடுத்த வாரம்தான் பொங்கல்."

"அவரு நாளைக்கே கெளம்பறாருங்க," என்றேன்.

"அதுக்கு இன்னா பண்றது? சாமியை முன்னாடி வரச் சொல்லவா?"

மொழிபெயர்ப்பாளர் கண்ணாடியைத் துடைத்துவிட்டு ஆங்கிலத்தில் சொன்னார்: "இவர்களுக்குப் பழைய வாடிக்கையாளர் ஒருவர் இருக்கிறார். முதல் சரக்கு அவருக்குத்தான். யார் வந்தாலும் வரிசை மாறாது."

வியாபாரி யோசித்தார். இப்படிப்பட்டவர்களிடம்தான் வாங்க வேண்டும் என்றார். பழைய சாமையையே ருசி பார்த்துவிட்டு ஆர்டரை உறுதி செய்தார்.

ஜீப்பில் மலையிறங்கும்போது மொழிபெயர்ப்பாளரிடம் கேட்டேன்: "சார், அது பொய்தானே?"

"எந்த வார்த்தைன்னு காட்டுப்பா, திருத்திக்கறேன்."

அடிவாரத்து ஒடுகத்தூர் வரும்வரை தேடினேன். இன்னும் அகப்படவில்லை.