அந்தக் கேனை ஊத்தலாமா?

எஞ்சின் ஒயில் விக்கிறவன் ஒயிலைப் பத்தி என்ன உண்மையைச் சொன்னாலும், ஊரு அதை வியாபாரத் தந்திரம்னுதான் நினைக்கும்.

இலங்கை மலையகத்துல, ஹட்டன் பஸார்ல இருபது வருஷமா மோட்டார் சாமான் கடை வச்சிருக்கேன். மருந்துக் கடையோ துணிக் கடையோ, கவுண்டருக்குப் பின்னால நிக்கிற யாரா இருந்தாலும் உங்களுக்கு என் வயித்தெரிச்சல் புரியும். பெட்ரோலுக்கு நாள் கணக்கா வரிசையில நின்னோமே, அந்தத் தட்டுப்பாட்டுக் காலத்துல ஆளாளுக்கு ரெண்டு கேன் ஒயிலையும் வாங்கிப் பதுக்கி வச்சாங்க. கட்டிலுக்கு அடியில, கோழிக்கூட்டுக்கு மேல, சாமித்தட்டுக்குக் கீழ. இப்போ அதெல்லாம் ஒவ்வொண்ணா வெளிய வருது. தினமும் ஒரே கேள்விதான்: "இதை ஊத்தலாமா?"

பதில் ஒண்ணும் பெரிய ரகசியமில்ல. சீல் உடைக்காத கேன், வெயிலும் ஈரமும் படாம இருந்தா நாலஞ்சு வருஷம் தாங்கும். உடைச்ச கேனை ஒரு வருஷத்துக்குள்ள ஊத்தி முடிச்சிடணும். அவ்வளவுதான். இதை நம்ப வைக்க முடியாத கடுப்புலதான், போன மாசம் டிக்கோயா சிவகுமாரோட சம்சாரத்து உயிரோட விளையாடிட்டேன். அந்தக் கதைக்கு வர்றேன். முதல்ல, என் புத்தியைக் கெடுத்த ரெண்டு பேரைச் சொல்லிடுறேன்.

ஊரே ஃப்ரிட்ஜு

ராஜேஸ்வரியக்கா பூண்டுலோயாவுல லீக்ஸும் கரட்டும் பயிர் போடுறவங்க. தண்ணி இறைக்கிற மெஷினுக்கு ஊத்தணும்னு பாதிக் கேன் ஒயிலைத் தூக்கிக்கிட்டு ரெண்டு பஸ் மாறி வந்தாங்க. ஒரு கிளாஸ்ல கொஞ்சம் ஊத்திப் பார்த்தேன். தேன் மாதிரி தெளிவா இருக்க வேண்டியது, பால் தேத்தண்ணி மாதிரி இருந்துச்சு.

"அக்கா, இதுல தண்ணி சேர்ந்திருக்கு. ஊத்தாதீங்க, மெஷின் போயிடும்"னு சொன்னேன். "நான் எதுக்குய்யா தண்ணி கலக்கப் போறேன்?"னு சண்டைக்கு வந்துட்டாங்க. நீங்க கலக்கல, பனி மூட்டம் கலந்திருக்கு, பாதிக் கேன்னா மீதிப் பாதி காத்து, அந்தக் காத்துல இருக்கிற ஈரம் குளிர்ல உள்பக்கமா வேர்த்து ஒயில்ல இறங்கிடும்னு விளக்கமாச் சொன்னேன். அக்கா கிளாஸைப் பார்த்தாங்க, எனக்குப் பின்னால அடுக்கியிருந்த புதுக் கேன்களைப் பார்த்தாங்க, கடைசியா என்னைப் பார்த்தாங்க.

"குளிரான இடத்துல எதுவும் கெடாது தம்பி, நம்ம ஊரே ஒரு ஃப்ரிட்ஜு, இதுலயும் கெட்டுப்போச்சுன்னு சொல்ற ஒரே ஆளு ஒயில் விக்கிற நீங்கதான்!"

கணக்கப்பிள்ளை ஐயாவோட சந்தேகம்

அதே நாள் சாயந்தரம், ஓய்வு பெற்ற கணக்கப்பிள்ளை ஐயா ஒருத்தர் வந்தாரு. தேயிலைத் தோட்டத்துல முப்பது வருஷம் கொழுந்து நிறுத்தவரு. தராசுக்கு முன்னால நிக்கிற எல்லாரையும் சந்தேகமாப் பார்த்துப் பழகின கண்ணு. பேப்பர்ல சுத்தி, கயித்தால கட்டி, ஒரு கேனை மேசையில வச்சாரு.

பிரிச்சுப் பார்த்தேன். சீல் உடையல, கேன் உப்பல, தேதி பார்த்தா மூணு வருஷத்துக்குக் கொஞ்சம் மேல. அலமாரிக்குள்ளயே வச்சிருந்தாராம். அப்பாடா, இன்னைக்கு ஒருத்தருக்காவது நல்ல சேதி சொல்லலாம்னு எனக்கு ஒரே சந்தோஷம். "தாராளமா ஊத்துங்க ஐயா, புதுசு வேண்டியதே இல்ல"ன்னேன். அவரு முகம் மலரல. கண்ணாடியை மூக்குல ஏத்திக்கிட்டு, எனக்குப் பின்னால இருந்த கேன் வரிசையை ஒரு தடவை முழுசாப் பார்த்தாரு.

"அப்போ உங்களுக்குப் பின்னால நிக்கிறதெல்லாம் வெறுங்கேனா, முதலாளி? அதான் விக்காம அனுப்புறீங்களோ?"

கடுப்புல சொன்ன வார்த்தை

கெட்டதைக் கெட்டதுன்னாலும் குத்தம், நல்லதை நல்லதுன்னாலும் குத்தம். சொல்லுங்க, உங்களுக்குக் கோபம் வராதா? மறுநாள் காலையில அந்தக் கோபத்தோடதான் கடையைத் திறந்தேன். அப்பப் பார்த்து சிவகுமார் போன் அடிச்சாரு.

சிவகுமார் டிக்கோயாவுல ஆட்டோ ஓட்டுறவரு. சம்சாரம் கலாவுக்கு ரெண்டு கிட்னியும் சரியில்ல. வாரத்துக்கு ரெண்டு நாள் கண்டிக்குப் போய் ரத்தம் சுத்திகரிக்கணும். முடிச்சுட்டு வர்றப்போ அந்தப் புள்ளைக்குத் தலை தூக்க முடியாது, வாந்தி வேற. பஸ்ல நின்னுக்கிட்டு வளைவு வளைவா வர்றதை நினைச்சே பார்க்க முடியாது. அந்த ஆட்டோ ஓடுற வரைக்கும்தான் கலாவுக்கு வைத்தியம்.

"அண்ணே, தட்டுப்பாட்டுக் காலத்துல வாங்கின ஒரு கேன் வீட்டுல கெடக்கு. நாளைக்குக் கண்டிக்குப் போகணும், ஒயில் மாத்துற நேரம் வந்துடுச்சு. அதை ஊத்தலாமா?" வேற நாளா இருந்தா, சீல் இருக்கா, எங்க வச்சிருந்தீங்க, கொண்டாங்க பார்க்கலாம்னு கேட்டிருப்பேன். அன்னைக்கு ஒண்ணும் கேக்கல. "ஊத்துங்க தம்பி, பழசே போதும், ஒண்ணும் ஆகாது!"ன்னு கத்திட்டேன். அந்தப் பக்கம் சிவகுமார் குரலை இறக்கிக்கிட்டாரு.

"நெசமாத்தான் சொல்றீங்களா அண்ணே?"

மச்சான் சொன்ன சேதி

அடுத்த நாள் பத்து மணி இருக்கும். கலாவோட அண்ணன் பிளக் வாங்க வந்தாரு. தங்கச்சி கண்டிக்குப் போயிருக்கான்னு பேச்சு வந்துச்சு. "பழைய கேன் ஒண்ணு வச்சிருந்தீங்க போல"ன்னு நானும் சும்மா கேட்டு வச்சேன்.

"அதுவா? அதுல பாதியைப் புல்லு வெட்டுற மெஷினுக்கு நான்தானே எடுத்தேன். மூடி எங்கயோ விழுந்துடுச்சு. வாயில ஒரு சொப்பிங் பேக்கைக் கட்டி, லயத்து வீட்டுக்குப் பின்னால கோடியில, வெட்டவெளியில வச்சேன். ரெண்டு மழைக்காலம் நனைஞ்சிருக்கும்"னாரு.  கண்டிக்குப் போறப்போ இறக்கம், அது பெரிசில்ல. திரும்பி வர்றப்போ கினிகத்தேனையில இருந்து ஏத்தம். தண்ணி கலந்த ஒயிலோட அந்த ஏத்தத்துல இழுத்தா எஞ்சின் ஜாமாயிடும். மழையில, நடு ரோட்டுல, தலை தூக்க முடியாத பொம்பளைப் புள்ளையோட சிவகுமார் நிப்பாரு.

போன் அடிச்சேன். ஓஃப். திரும்ப அடிச்சேன், அப்பவும் ஓஃப். ஃபேன் பெல்ட் கேட்டவருக்கு பிரேக் ஷூவைக் கட்டிக் குடுத்தேன். முருகா, இனிமே எவன் என்ன சொன்னாலும் கோபப்பட மாட்டேன், அந்தப் புள்ளையை வீடு சேர்த்துடுன்னு வேண்டிக்கிட்டேன். கடைசியில மனசு கேக்காம, ஊத்தச் சொன்னதே நான்தான்னு மச்சான்கிட்ட உண்மையைச் சொன்னேன். 

"நீங்க சொல்லியிருந்தா கண்டிப்பா ஊத்தியிருப்பான் அண்ணே, உங்க வார்த்தைன்னா அவனுக்கு அவ்வளவு மரியாதை."

நாலு மணிக்கு வந்த ஆட்டோ

நாலு மணிக்குக் கடை வாசல்ல ஒரு ஆட்டோ நின்னுச்சு. சிவகுமார்! பின் சீட்டுல கலா, தலையில துண்டைச் சுத்திக்கிட்டு சாய்ஞ்சிருந்தா. நான் அவங்களைக்கூடச் சரியாப் பார்க்கல. ஓடிப்போய் எஞ்சின்கிட்ட காதை வச்சேன். நல்லா ஓடிக்கிட்டிருந்துச்சு. நிறுத்தச் சொல்லி, ஒயில் அளக்கிற கம்பியை உருவிப் பார்த்தேன். தெளிவா, பளபளன்னு புது ஒயில்.

"போன் என்னய்யா ஆச்சு?"ன்னேன். சார்ஜ் இறங்கிடுச்சாம். "என்ன ஒயில் ஊத்தினீங்க?"ன்னதும் மனுஷன் நெளிஞ்சாரு. "கோவிச்சுக்காதீங்கண்ணே. ஒயில் விக்கிறவரே பழசு போதும்னா, அதுல ஏதோ இருக்குன்னு எனக்குப் பயம் புடிச்சிடுச்சு. எதிர்க்கடையில புதுசு வாங்கி ஊத்திட்டேன். உங்ககிட்டயே வந்து வாங்க வெக்கமா இருந்துச்சு"ன்னாரு. எனக்குப் பொலபொலன்னு கண்ணுல தண்ணி வந்துடுச்சு. இவ்வளவு சந்தோஷமா நான் அழுததே இல்ல. பின் சீட்டுல இருந்து கலா மெதுவாச் சிரிச்சா.

"உங்க பேச்சைக் கேக்கலைன்னு அவரைத் திட்டாதீங்கண்ணே, நான்தான் நம்பாதீங்கன்னு சொன்னேன்."

இருபது வருஷத்துல, எதிர்க்கடையில ஒயில் வாங்கின ஆளை நான் கட்டிப்புடிச்சு நன்றி சொன்னது அந்த ஒருநாள்தான்.